ஒரு காலத்தில் அந்தப் புகைப்படத்தில் இருந்தது நாம்தான்

வடமாலபேட்டை என்றால் இங்கே நியூ ஜெர்சித் தமிழர்களில் பத்துக்கு ஒன்பது பேர் "அது எங்கேங்க இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். சென்னையிலிருந்து பஸ்ஸில் திருப்பதிக்குப் போனவர்கள் எல்லோரும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். என்ன, அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். ஊத்துக்கோட்டை வழியாக வந்தாலும் சரி, திருத்தணி, நகரி வழியாக வந்தாலும் சரி, புத்தூர் வரும். கை கால் முறிந்தால் கட்டுப் போடுகிற அதே புத்தூர். அதைத் தாண்டினால் வடமாலபேட்டை. அப்புறம் திருப்பதி.

வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பஸ் ஸ்டாண்டில் இரண்டும் கலந்த ஒன்று. இதுதான் எங்கள் பாஷை. முன்பு இந்தப் பக்கமெல்லாம் வட ஆர்க்காடு ஜில்லா, கார்வேட்டிநகரம் ஜமீன். 1911-ல் சித்தூர் ஜில்லா தனியாக உருவானது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960-ல் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். 2022-லிருந்து திருப்பதி மாவட்டம். ஊர் நகரவில்லை, பெயர்ப்பலகைதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பதிவு ஊர்ப் பெருமை பேச அல்ல. வருடாவருடம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நம் வீட்டுத் தபால் பெட்டிகளில் ஒரு உறை வந்து விழும். உள்ளே ஆப்பிரிக்காவின் ஏதோ ஒரு கிராமத்துக் குழந்தையின் புகைப்படம். பெரிய கண்கள், கிழிந்த சட்டை. மாதம் இவ்வளவு டாலர் அனுப்பினால் இந்தக் குழந்தைக்குச் சாப்பாடு, பள்ளிக்கூடம், மருந்து. அனுப்புவது பெரும்பாலும் ஏதாவது ஒரு கிறிஸ்தவ ஊழிய அமைப்பு. நம்மில் சிலர் அனுப்புகிறோம். சிலர் "இதெல்லாம் மதம் மாற்றுகிற வேலை" என்று குப்பையில் போடுகிறோம். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். சுமார் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் அந்தப் புகைப்படத்தில் இருந்தவர்கள் நம் ஆட்கள். காசு அனுப்பியவர்கள் இதே நியூ ஜெர்சிக்காரர்கள்.

ஃப்ரீஹோல்டிலிருந்து ஒரு டாக்டர்

எடிசனிலிருந்து காரில் அரை மணி, முக்கால் மணி நேரத் தூரத்தில் ஃப்ரீஹோல்ட் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1793-ல் அங்கே பிறந்தவர் ஜான் ஸ்கட்டர். நியூயார்க்கில் நன்றாகத் தொழில் நடந்துகொண்டிருந்த டாக்டர். ஒரு நோயாளியின் வீட்டில் கிடந்த சிறு பிரசுரத்தைப் படித்துவிட்டு, மனைவி குழந்தையோடு 1819-ல் கப்பல் ஏறிவிட்டார். போன இடம் இலங்கை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல வருடம் வைத்தியம் பார்த்தார். பிறகு 1836-ல் சென்னைக்கு வந்தார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போன முதல் மருத்துவ மிஷனரி என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

இவர் செய்த இன்னொரு வேலை நமக்கு முக்கியம். அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கடிதங்கள் எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். 1842-ல் ஊருக்குத் திரும்பியபோது நான்கு வருடம் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளிடம் பேசினார். தமிழ்நாட்டுக் குழந்தைகளைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லி, "நீங்கள் என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்டார். அதாவது நம் தபால் பெட்டிக்கு வருகிற உறையின் கொள்ளுத்தாத்தா இந்தக் கடிதங்கள்தான். அவற்றில் நம் கோயில்களையும் பழக்கங்களையும் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் இன்றைக்கு யாருக்கும் கோபம் வரும். ஆனால் அந்தக் காசில் வந்த மருந்தும் நிஜம். இரண்டையும் சேர்த்தேதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் 1855-ல் தென்னாப்பிரிக்காவில், நன்னம்பிக்கை முனைக்கு அருகே இறந்தார். அதற்குள் அவருடைய மகன்கள் 1853-ல் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கிவிட்டார்கள். வேலூர், ஆர்க்காடு, சித்தூர் என்று ஆரம்பித்து, பிறகு ஜேக்கப் சேம்பர்லின் மூலம் மதனபள்ளி வரை போனது. தமிழில் தொடங்கியவர்கள் அங்கே தெலுங்குக்கு மாறினார்கள் (எங்கள் ஊர்க் கதையேதான்!). 1866-ல் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி வந்தது. பின்னால் நின்று பணம் அனுப்பியது அமெரிக்க ரிஃபார்ம்டு சபை. அதன் இறையியல் கல்லூரி இருப்பது நியூ பிரன்ஸ்விக்கில். நாம் வாராவாரம் சாம்பார்ப் பொடி வாங்கப் போகிற வழிதான்.

திருப்பதிக்கு வடக்கேயும் கிழக்கேயும் வேறொரு கூட்டம் வேலை செய்தது. ஜெர்மனியின் ஹெர்மான்ஸ்பர்க் என்ற சிறிய கிராமத்து லுத்தரன் மிஷன் 1865-ல் சூளூர்பேட்டையில் தொடங்கிப் பரவியது. இவர்கள் முதலில் போக நினைத்தது ஆப்பிரிக்காவுக்கு. சொந்தமாகக் கப்பல் கட்டி, 1853-ல் எத்தியோப்பியாவின் ஒரோமோ மக்களிடம் போகக் கிளம்பினார்கள். அனுமதி கிடைக்காமல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து நம் பக்கம் வந்தார்கள். ஐரோப்பாவின் கண்ணுக்கு ஆப்பிரிக்கக் கிராமமும் நம் கிராமமும் அன்றைக்கு ஒரே வரிசையில் இருந்தன.

தாது வருஷம்

எங்கள் பாட்டி காலத்திலும் சோற்றை வீணாக்கினால் "தாது வருஷத்துல பொறந்திருந்தா தெரியும்" என்று திட்டுவார்கள். 1876-லிருந்து 1878 வரை நடந்த பஞ்சம். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 55 லட்சம் பேருக்குமேல் செத்திருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். மழை பொய்த்தது மட்டும் காரணமில்லை. தானியம் ரயிலேறி வெளியே போய்க்கொண்டிருந்தது. நிவாரணப் பணிகளில் கல் உடைத்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். இது உயிர் வாழவே போதாது என்று சென்னை மாகாண சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார்.

அந்தப் பஞ்சத்தைப் புகைப்படம் எடுத்தவர் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. எலும்பும் தோலுமாக வரிசையாக உட்கார வைக்கப்பட்ட குடும்பங்கள். படம் எடுத்தாரே தவிர, அவர்களுக்கு உதவவில்லை என்ற விமர்சனம் அவர் மேல் உண்டு. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நம் தபால் பெட்டிக்கு வருகிற படத்தைப் பாருங்கள். நான் சொல்ல வருவது புரியும்.

வேலூரில் அப்போது இருந்தவர் முதல் ஸ்கட்டரின் மகன், இரண்டாம் ஜான் ஸ்கட்டர். அவருடைய மகள் ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். பஞ்சத்தின்போது ஆறேழு வயது. வாசலில் கூடிய குழந்தைகளுக்கு ரொட்டியைத் தாங்களே எடுத்துச் சாப்பிடத் தெம்பில்லாமல், இந்தச் சின்னப் பெண் பிய்த்துப் பிய்த்து வாயில் ஊட்டியதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது.

பஞ்சத்துக்குப் பிறகு மிஷன்களில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை கூடியது. பெரும்பாலும் சேரிகளிலிருந்து வந்தவர்கள். "அரிசிக் கிறிஸ்தவர்கள்" என்று கேலி செய்தார்கள். வயிறு காய்ந்தவனிடம் சோற்றுத் தட்டோடு சாமியையும் நீட்டுவது நியாயமா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்தச் சேரிப் பிள்ளைகளை அதற்கு முன் எந்தத் திண்ணைப் பள்ளிக்கூடம் உள்ளே விட்டது? எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விட்டோம்? சாமியை மாற்றிக்கொண்டதால் ஒருவருக்கு எழுத்தும் மரியாதையும் கிடைத்தது என்றால், வெட்கப்பட வேண்டியவர் அவர் இல்லை.

மரத்தடியில் ஒரு டிஸ்பென்சரி

ஐடா பெரியவளானதும் அமெரிக்காவில் படித்துவிட்டு அங்கேயே இருந்துவிடத்தான் நினைத்தார். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்ற முடிவு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தவருக்கு ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு மேல்ஜாதி இந்து. மூன்று பேருக்கும் வீட்டில் மனைவி பிரசவ வேதனையில். "அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றால், ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். பின்னாளில் அவரே பலமுறை சொன்ன கதை இது.

1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில் வேலையைத் தொடங்கினார். ஒரே ஒரு கட்டில். 1902-ல் நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி. பணம் கொடுத்தவர் நியூயார்க் வங்கியாளர் ஷெல், இறந்துபோன தன் மனைவி நினைவாக.

ஆஸ்பத்திரி கட்டியதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போனதுதான். வாரத்தில் ஒரு நாள் வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் கிளம்புவார். முதலில் மாட்டுவண்டி, பிறகு மோட்டார். குறிப்பிட்ட புளியமரத்தடி, குறிப்பிட்ட சாவடி. அங்கே ஜனங்கள் காத்திருப்பார்கள். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, தொழுநோயாளிகளுக்கும் அங்கேயே வைத்தியம். முடிந்ததும் அடுத்த மரத்தடி.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒரு கூலிக்காரத் தாய் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் அன்றைய கூலி போச்சு. கைக்குழந்தையை யார் பார்ப்பார்கள், ஆட்டை யார் ஓட்டுவார்கள்? மருந்து அவளைத் தேடி வந்தால், வைத்தியம் பார்த்துக்கொண்டு மத்தியானத்துக்குள் களத்துக்குப் போய்விடலாம். குடும்பம் குலையாது.

அடுத்து 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார். நம் பெண்கள் படிக்க வருவார்களா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். முதல் வருடமே 151 விண்ணப்பங்கள். 1922-ல் இறுதித் தேர்வு எழுதிய 14 பெண்களும் பாஸ். 1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்பு, 1947-ல் ஆண்களுக்கும் இடம். 1948-ல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் ஹில்டா லாசரஸ், இந்தியப் பெண்மணி. ஐடா 1960-ல் கொடைக்கானலில் இறந்தபோது, அவர் இல்லாமலேயே சி.எம்.சி. நன்றாக நடந்துகொண்டிருந்தது. ஒரு நிறுவனத்துக்கு இதைவிட நல்ல சர்ட்டிஃபிகேட் கிடையாது.

எங்கள் பக்கத்தில் கை விட்ட கேஸ் என்றால் "வேலூருக்குக் கொண்டு போ" என்பார்கள். திருப்பதி, பாகாலா, சித்தூர், காட்பாடி என்று ரயில். எங்கள் பாட்டி சுத்த வைஷ்ணவம். ஏழுமலையானுக்கு முடிந்து வைத்துவிட்டு, வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு வருவார். குணமானதும் காணிக்கை உண்டியலுக்கு, ஆசீர்வாதம் டாக்டரம்மாவுக்கு. அவருக்கு இதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை :-)

ஆரோக்கியவரம்

அதே ரயில் பாதையில் பாகாலாவிலிருந்து வடமேற்கே போனால் மதனபள்ளி ரோடு. மதனபள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம். பல மிஷன்கள் ஒன்றுசேர்ந்து 1915-ல் திறந்த காசநோய் சானடோரியம். அதைக் கட்டி வளர்த்தவர் டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர்.

காசநோய் ஒரு நோய் மட்டுமில்லை, அனாதைகளை உண்டாக்குகிற இயந்திரம். பிடிப்பது இருபது முப்பது வயதுக்காரர்களை, அதாவது சின்னக் குழந்தைகளின் அப்பா அம்மாவை. அப்போது மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை, கொஞ்சம் அறுவை சிகிச்சை. சிலர் பிழைத்தார்கள். ஆனால் ஒரு தாய் ஒரு வருடம் சானடோரியத்தில் இருந்தால், வீட்டில் இருக்கிற குழந்தையின் கதி? சானடோரியத்தில் இடமே கிடைக்காதவர்கள் கதி?

1948-ல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி தொடங்கிய இடங்களில் மதனபள்ளியும் ஒன்று. சென்னையில் பெரிய எதிர்ப்பு. 1955-ல் ராஜாஜியே பி.சி.ஜி.யை எதிர்த்துப் புத்தகம் போட்டார். பின்னால் 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றி நடந்த மிகப் பெரிய ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசத்தைத் தடுப்பதால் இன்றைக்கும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள். நம் தோளில் இருக்கிற தழும்பு அதுதான்.

உண்மையான திருப்பம் 1956-ல் சென்னையில் தொடங்கியது. புதிதாக வந்த மாத்திரைகளை வைத்து, வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் தலைமையில் ஓர் ஆராய்ச்சி. 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் ஒரு வருடம் வைத்தியம். மீதிப் பேருக்கு அதே மாத்திரை, ஆனால் சொந்த வீட்டில், அந்த நெரிசலான ஒற்றை அறையில், அரைகுறைச் சாப்பாட்டோடு. 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணம். வீட்டில் கூட இருந்த பிள்ளைகளுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. அதற்குப் பிறகு உலகமெங்கும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன. தாம்பரம் பக்கத்தில் ரயில்வே ஸ்டேஷன் பெயராக மட்டும் நம் நினைவில் நிற்கிறது. ஆரோக்கியவரம் பொது ஆஸ்பத்திரியாக மாறியது.

இந்த வீட்டு வைத்தியம் ஆப்பிரிக்காவுக்கும் போனது. 1970-களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளும் சென்னை ஆய்வுகளும் சேர்ந்துதான் இன்றைய ஆறு மாத மாத்திரை முறை உருவானது. நம் ஊர் நோயாளியும் அந்த ஊர் நோயாளியும் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவி என்று இதைச் சொல்வேன்.

அந்த உறையை என்ன செய்வது?

இவ்வளவு சரித்திரமும் எதற்கு என்றால், கொடுக்கிற இடத்துக்கு நாம் வந்துவிட்டோம். வாங்கிய இடத்தில் இருந்த அனுபவம் நமக்கு உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டாமா?

நம் ஊரில் நின்றது எது, போனது எது என்று பாருங்கள். பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து மதில் சுவருக்குள் வைத்த ஏற்பாடுகள் எல்லாம் அந்தந்த நேரத்து அவசரத்துக்கு. பஞ்சத்தில் வேறு வழி இருந்திருக்காது. நிலைத்தது மரத்தடி டிஸ்பென்சரி, உள்ளூர்ப் பெண்களை டாக்டராகவும் நர்ஸாகவும் ஆக்கிய பள்ளி, வீட்டிலேயே சாப்பிடக்கூடிய மாத்திரை. அம்மாவைக் காப்பாற்றினால் குழந்தை அனாதை ஆவதில்லை. இந்த எளிய கணக்குக்கு நூறு வருடம் ஆனது.

ஆப்பிரிக்காவிலும் இதே கதை. எய்ட்ஸ் உச்சத்தில் இருந்தபோது வெளிநாட்டுக் காசில் அனாதை இல்லங்கள் ஏராளமாக முளைத்தன. அவற்றில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். வறுமைதான் கொண்டுவந்து விட்டது. 2000-களில் எச்.ஐ.வி. மருந்து கிராமங்களுக்குப் போகத் தொடங்கியதும் தாய்மார்கள் பிழைத்தார்கள். 2012-ல் ருவாண்டா, அனாதை இல்லங்களை மூடிக் குழந்தைகளைக் குடும்பங்களுக்கே திருப்பி அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. இன்றைக்கும் அங்கே பல கிராமங்களில் நோயாளி நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒரே ஆஸ்பத்திரி மிஷன் ஆஸ்பத்திரிதான். சித்தூர்க்காரனுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஆகவே அந்த உறையைப் பார்த்ததும் குப்பையில் போடவும் வேண்டாம், கண்ணீரோடு செக் எழுதவும் வேண்டாம். நான்கு கேள்வி கேளுங்கள். இந்தக் குழந்தையின் அம்மா எங்கே? அவளுக்கு என்ன செய்கிறீர்கள்? உங்கள் டாக்டரும் டீச்சரும் அந்த ஊர்க்காரர்களா, இல்லை என்றால் எப்போது ஆவார்கள்? கோயிலுக்கோ மசூதிக்கோ போகிற வீட்டுப் பிள்ளைக்கும் அதே சோறு கிடைக்குமா?

பதில் நன்றாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். எந்தச் சாமியின் பெயரில் வந்த உறையாக இருந்தாலும் சரி. பதில் சரியில்லை என்றால், அதே காசை வேறு நல்ல இடத்துக்கு அனுப்புங்கள். ஆனால் அனுப்பாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ஃப்ரீஹோல்டிலும் நியூ பிரன்ஸ்விக்கிலும் சர்ச்சுக்குப் போன, வேலூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாத யாரோ ஒரு பிள்ளை போட்ட சில்லறையில் நம் முப்பாட்டன்மார் சிலர் பிழைத்திருக்கிறார்கள். அந்தக் கடனை அவர்களுக்குத் திருப்பித் தர முடியாது. அடுத்த ஊருக்குத்தான் தர முடியும்.